முழுக் கூடை போடத் தெரியுமா?

சென்ற மாதம் ஒரு பாராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவர்களை இப்படிப்பட்ட விழாக்களுக்கு அழைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. கடைசி வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்போம். கைவினைப் பொருள் செய்து விற்கும் பெண்களுக்குச் சால்வை போட்டார்கள். அதன்பின் ஓர் உயர் அதிகாரி பேசினார். "அந்தக் காலத்திலிருந்தே நிர்வாகம் இவர்களுக்குத் தோள் கொடுத்து வந்திருக்கிறது" என்றார். அரங்கம் கை தட்டியது. நான் தட்டவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண்மணி, எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து அந்த வாக்கியத்தை உரக்கத் திருப்பிச் சொன்னார். காது நன்றாகவே கேட்கிறது. என் மதினிக்கு அந்தத் தோள் கிடைத்த லட்சணத்தை அருகிலிருந்து பார்த்தவள் நான். வீட்டுக்கு வந்தும் கோபம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது வேறொரு அரசு அலுவலகத்தில். இளநிலை எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். மிஷன் பள்ளியில் படித்ததால் குறிப்பு எழுத வரும். எந்த மனு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும், எதைச் சொன்னால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்குப் பாடம். அந்தப் பாடத்தால் மதினிக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மதினி என் அண்ணனின் மனைவி. பின்னால் அவரோடு வேலை செய்த பெண்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் அண்ணன் வேலை பார்த்த நூற்பாலை கதவடைப்பில் கிடந்தது. இருவரும் செல்லூரில் ஒரு சந்தில் குடியிருந்தார்கள். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். அந்தச் சந்தில் யாரும் மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை. மதினியோ சத்தமில்லாத ஊரிலும் உரக்கப் பேசக்கூடியவர். சமயநல்லூரில் பிறந்தவர். பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னுவார். அப்போது மதுரையில் ஒயர் கூடை இல்லாத வீடே கிடையாது. காய்கறிக்கு ஒன்று, ஆபீசுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் பிளாஸ்க் தூக்கிப் போக ஒன்று. முடிச்சுகளுக்குப் பெயர் உண்டு. சிவன்கண் முடிச்சு நன்றாக விற்கும். எங்கள் தேவாலயச் சபைப் பெண்கள் கேட்டால் அதையே பூ முடிச்சு என்று சொல்லி விற்றுவிடுவார் மதினி.

எல்லாப் பெண்களும்தான் கூடை பின்னினார்கள். ஆனால் மதினி அதை ஒரு தொழிலாக ஆக்கியிருந்தார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, கூடையை மூன்றாகப் பிரித்ததுதான். கூடையின் அடி சமயநல்லூரில் அவருடைய சொந்தக்காரப் பெண்கள் கையில் தயாராகும். அடி தட்டையாக இருக்கும்; சோறு கொதிக்கிற நேரத்தில் தரையில் போட்டுப் பின்னலாம், பிள்ளை அழுதால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம். பின்னிய அடிகளை அடுக்கிக் கட்டி பஸ்ஸில் கொண்டுவருவார். செல்லூர்ப் பெண்கள் அதன்மேல் உடம்பை ஏற்றுவார்கள். கடைசியில் கைப்பிடி. அதற்கு ஒரே ஒருத்திதான். அடுத்த சந்துக்காரி. தறிக்குப் பாவு ஓட்டிப் பழகிய கை. விரல்கள் இடுக்கி மாதிரி இருக்கும். அவள் சுற்றிய கைப்பிடி அறுந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கூடையிலும் செங்கல்லைப் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்ட பிறகுதான் மதினி வெளியே அனுப்புவார். ஆளுக்கு ஒரு கூடை என்று பின்னியிருந்தால் ஒன்று முடிகிற நேரத்தில் இவர்களுக்கு இரண்டு முடிந்தது. யாரும் வீட்டு வேலையை விடவில்லை.

குறை ஒன்றே ஒன்றுதான். ஒயர் அவருடையது அல்ல. விளக்குத்தூண் பக்கம் இருந்த ஒரு கடை முதலாளி ஒயரைக் கொடுப்பார், கூடையாக வாங்கிக்கொள்வார், தன் கடைப் பெயர் போட்ட அட்டையை அதில் கட்டித் தொங்கவிடுவார். பச்சை கேட்டால் ஊதா கொடுப்பார். ஊதாவில் பின்னிக் கொண்டுபோனால், "ஊதா ஓடலையே தங்கச்சி" என்று பாதியைத் தள்ளிவிடுவார். சொந்த ஒயரில், சொந்தப் பெயரில் கூடை விற்க வேண்டும் என்பதுதான் மதினியின் ஒரே ஆசை. ஒயர் ஆலையிலிருந்து நேரடியாக வாங்க வேண்டுமானால் சிறுதொழில் கூடமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். மனுவை நான்தான் எழுதினேன். அதில் ஒரு காற்புள்ளிகூடப் பிசகியிருக்காது.

பார்வையிட ஓர் ஆய்வாளர் வந்தார். சின்ன வயது. புதிதாக வாங்கிய தோல் பை.

"தொழிற்கூடம் எங்கம்மா?"

"இதுதான் சார்" என்றார் மதினி.

"இது வீடு."

"வீட்டுலதான் சார் செய்யிறோம்."

"வேலையாளுங்க?"

"இந்தச் சந்துல நாலு பேரு. அடுத்த சந்துல ஒருத்தி, கைப்பிடிக்கு. மிச்சப் பேரு சமயநல்லூர்ல."

அவர் முகம் மாறியது. "சமயநல்லூரா? அது வேற ஒன்றியம்ல. இது மாநகராட்சி. அடி அங்க, மேல இங்கன்னா நான் எதுன்னு எழுதுறது?"

"கூடைன்னு எழுதுங்க சார்."

வீட்டில் வைத்துச் செய்யும் தொழிலையும் பதியலாம் என்று அவர்கள் துறையின் சுற்றறிக்கையே இருந்தது. அதை எடுத்துச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேடம் எந்த டிபார்ட்மெண்ட்?"

சொன்னேன்.

"அப்ப உங்க டிபார்ட்மெண்டுக்கு அது சரியா இருக்கும்" என்றார்.

போகும்போது தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து செய்தால்தான் தொழில். அவரவர் வீட்டில் செய்தால் அது பெண்களின் பொழுதுபோக்கு. விடிகாலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, துவைத்து, நடுவில் கிடைத்த நேரத்தையெல்லாம் கூடையில் போட்ட பெண்களுக்கு என்ன பொழுது இருந்தது, அது எங்கே போயிற்று என்று அவர் விசாரிக்கவில்லை.

மதினி ஒரு காலித் தறிக்கூடத்தை வாடகைக்குப் பிடித்தார். அடுத்த முறை ஆய்வாளர் வரும் நாளில் சமயநல்லூர்ப் பெண்கள் எல்லாரும் பஸ் ஏறி வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். சிலர் திருவிழாவுக்கு வருவதுபோல் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். காலையில் வருவதாகச் சொன்னவர் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். கூரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். திருப்திதான். பிறகு எங்கிருந்து தோன்றியதோ, ஓர் உத்தரவு போட்டார்.

"எல்லாரும் ஆளுக்கு ஒரு கூடை ஆரம்பிச்சு முடிங்க. பாக்கணும்."

யாரும் கையை அசைக்கவில்லை. சமயநல்லூர்க்காரி ஒருத்தி சிரித்துவிட்டாள். "எங்களுக்கு அடிதான் சார் தெரியும்."

"கூடை போடத் தெரியாதா?"

"அடி போட்டா மதினி வாங்கிட்டுப் போயிருவாங்க."

அவர் கைப்பிடிக்காரியிடம் திரும்பினார். "உனக்கு?"

"கைப்பிடி."

"முழுக் கூடை போடத் தெரியுமா, தெரியாதா?"

"கூடை இருந்தா கைப்பிடி போடுவேன். இல்லேன்னா எதுல சார் போட?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தறிச் சத்தம் அமுங்கிவிட்டது. அவருக்குக் காது சிவந்தது. "முழுப் பொருளும் செய்யத் தெரிஞ்சவங்கதான் கைவினைஞர். இவங்க யாருமே கைவினைஞர் இல்லையே" என்றார்.

மதினி முன்னால் வந்தார். "சார், இந்தச் சட்டைக்கு நூல் நூத்தவன் ஒருத்தன். அது எங்க வீட்டுக்காரராக்கூட இருக்கலாம். நெஞ்சவன் ஒருத்தன், தச்சவன் ஒருத்தன், காஜா எடுத்தவன் ஒருத்தன். யாருக்கும் முழுச் சட்டை தெரியாது. இருந்தாலும் போட்டுக்கிட்டுத்தான சார் வந்திருக்கீங்க?"

"அது ஃபேக்டரிம்மா."

"இதும் அதான சார்னு அன்னைக்கிருந்து சொல்றேன்?"

"ஃபேக்டரின்னா மோட்டார் எங்க?"

அதாவது, கையால் செய்வதால் ஆலை இல்லை. பிரித்துச் செய்வதால் கைவினை இல்லை. இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவில் அந்தப் பெண்களை நிற்க வைத்துவிட்டு அவர் டீ குடித்தார். மதினி வாங்கிக் கொடுத்த டீ.

அவருடைய அலுவலகத்தை எனக்குத் தெரியும். அங்கே ஒரு கடிதம் வெளியே போக வேண்டுமென்றால் ஒருவர் பதிவார், ஒருவர் வரைவு எழுதுவார், ஒருவர் திருத்துவார், ஒருவர் தட்டச்சு அடிப்பார், ஒருவர் ஒப்பிடுவார், ஒருவர் கையெழுத்துப் போடுவார், ஒருவர் தபால்தலை ஒட்டுவார். கையெழுத்துப் போடுகிறவருக்குத் தட்டச்சு தெரியாது. தட்டச்சு அடிப்பவருக்கு எதைப் பற்றிய கடிதம் என்று தெரியாது. யாராவது ஒருவரைப் பிடித்து முழுக் கடிதம் போடத் தெரியுமா என்று கேட்டால் மொத்த அலுவலகத்தையும் அன்று மாலையே பூட்ட வேண்டியதுதான். அவர்கள் பிரித்துச் செய்தால் நிர்வாகம். செல்லூர்ப் பெண்கள் பிரித்துச் செய்தால் பயிற்சியின்மை. அறிக்கையில் அவர் எழுதிய சொல் அதுதான்.

மேல்முறையீடு செய்யலாம் என்றேன். வரைவுகூடத் தயார் செய்துவிட்டேன். மதினி அதைத் தொடவில்லை.

"ஏத்தா, உன் முறையீடு மேல போயிட்டுக் கீழ எறங்குறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துருவான். முழுக் கூடைதான கேக்குறான்? சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்."

"இது அவர் கேட்கக்கூடாத கேள்வி, மதினி. விதியிலேயே இல்லை."

"விதியில இல்ல. அவன் பேனாவுல இருக்கே."

வரைவை மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்தப் பேனாவுக்கு மேல் எங்கே முறையிடுவது என்று இந்த நாட்டில் சட்டம் படித்த யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

ஆக, கூடை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் கூடையை நிறுத்திவிட்டுப் பயிற்சிக்கு வந்தார்கள். அடிக்காரிகள் உடம்பு பழகினார்கள். உடம்புக்காரிகள் அடி பழகினார்கள். எல்லாரும் கைப்பிடியோடு மல்லுக்கட்டி விரலில் துணி சுற்றிக்கொண்டு அலைந்தார்கள். மறுபடி ஆய்வாளர் வந்தார். எல்லாரும் முழுக் கூடை போட்டுக் காட்டினார்கள். பாதிக் கூடைகள் ஒரு பக்கம் சாய்ந்து நின்றன. அவருக்கு அது கண்ணில் படவில்லை. "பாத்தீங்களா மேடம், கொஞ்சம் பிரஷர் குடுத்தா எல்லாம் வரும்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

பதிவுச் சான்று வர மாதக்கணக்கில் ஆனது. ஏன் என்று எனக்குத் தெரியும். எழுதினால் இந்தக் கட்டுரை அந்தச் சான்றைவிடத் தாமதமாகும். அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. முழுக் கூடை தெரிந்த பெண், எதற்கு அடியை மட்டும் பின்னி இன்னொருத்தியிடம் கொடுக்க வேண்டும்? ஒருநாள் மதினியோடு விளக்குத்தூண் கடைக்குப் போயிருந்தேன். கடை வாசலில் அவருடைய பெண்களில் ஐந்தாறு பேர் ஆளுக்கு நாலு கூடையோடு நின்றார்கள். ஒருத்தி தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"வா தங்கச்சி, வா" என்றார் முதலாளி. வாயெல்லாம் பல். "உன் புண்ணியத்துல இப்ப நான் யாரையும் தேடிப் போறதில்ல. அம்புட்டுப் பேரும் இங்கயே வாராக."

நாங்கள் நிற்கும்போதே ஒருத்தியிடம், "இவ குறைச்சுத் தாராளே, நீ என்ன சொல்ற?" என்றார். அவள் இன்னும் குறைத்துச் சொன்னாள். மதினி ஒருவராக வந்து நின்றபோது அவர் இப்படிப் பேசத் துணிந்ததில்லை. ஊதா ஓடவில்லை என்று பாதியைத் தள்ளியவர்தான்; ஆனால் விலையில் கை வைத்தால் மொத்தக் கூடையும் நின்றுவிடும் என்று பயம் இருந்தது. அந்தப் பயத்தை அரசுச் செலவில் தீர்த்துவைத்தார் ஆய்வாளர். தனித்தனியாகப் பல பெண் தொழில்முனைவோர் உருவாகியிருக்கிறார்கள் என்று அந்த ஆண்டு அவர் அலுவலகம் சொல்லிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அது பொய் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

பஸ் ஸ்டாண்டு வந்ததும், "அவளுகளைச் சொல்லாத. அவுக வீட்டுலயும் அடுப்பு எரியணும்ல" என்றார் மதினி. நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு சான்று வந்தது. பின்னாலேயே ஆலையிலிருந்து ஒயரும் வந்தது. பச்சை, மஞ்சள், வெள்ளை. அத்தனை வருஷம் அவர் கேட்டுக் கிடைக்காத பச்சை. காலித் தறிக்கூடத்தில் அதை இறக்கி வைத்துவிட்டு நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்ன ஆள் இல்லை. மறுநாளே முதலாளி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"எதுக்குத் தங்கச்சி கஷ்டப்படுற? ஒயரா எனக்கே குடுத்துரு. கூடைய விட ஒயர்லதான் லாபம். ஊருல எல்லாப் பதிவுக்காரனும் அதத்தான் செய்யிறான்."

அவர் சொன்னதும் உண்மை. ஒதுக்கீட்டில் ஆலை விலைக்கு ஒயரை வாங்கி அப்படியே கைமாற்றிவிடும் 'தொழிற்கூடங்கள்' எத்தனை என்று என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். அவற்றில் எதையும் எந்த ஆய்வாளரும் முழுக் கூடை போடத் தெரியுமா என்று கேட்டதில்லை.

"அண்ணே" என்றார் மதினி, "ஒயர் விக்கணும்னா நான் எதுக்கு இம்புட்டுப் பாடுபட்டேன்? சைக்கிளத் திருப்புங்க."

நல்லது செய்தவள் கைப்பிடிக்காரிதான். பெண்கள் தாங்களே போட்ட கைப்பிடிகள் சந்தையில் நடுத்தெருவில் அறுந்தன. தக்காளி உருண்டு ஓடியது. கூடையில் தொங்கியது முதலாளியின் அட்டை. திட்டு அவருக்குத்தான் விழுந்தது. அவர் கைப்பிடிக்காரிக்கு ஆள் அனுப்பினார். அவள் வர மறுத்தாள். பெண்கள் தாங்களே கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்கள்.

"மதினி ஒயர்ல போட்டு, மதினி வீட்டுக்குக் கொண்டா. அங்கதான் கைப்பிடி சுத்துவேன்" என்று சொல்லிவிட்டாளாம்.

"ஏன்டி, அவ உனக்கு என்ன பெரிசா செஞ்சுட்டா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "செங்கல்லப் போட்டுப் பாத்துட்டு ஒருநாளும் திரும்பக் குடுத்ததில்ல. அது போதும்" என்றாளாம்.

எல்லாரும் திரும்பவில்லை. சிலருக்கு முதலாளியே வசதியாக இருந்தார். திரும்பியவர்களில் சிலர் பழையபடி அடியோடு நிறுத்திக்கொண்டார்கள். சிலர் உடம்பையும் முடித்துக் கொடுத்தார்கள். மதினி எதையும் வற்புறுத்தவில்லை. ஒயர் சமயநல்லூருக்குப் போனது, கூடை செல்லூருக்கு வந்தது, கைப்பிடி ஏறியது, மதினி தன் பெயர் போட்ட அட்டையை முதன்முதலாகக் கட்டினார். பஸ் ஸ்டாண்டுக் கடைகளிலும் கோயிலைச் சுற்றியிருந்த கடைகளிலும் அந்தப் பச்சைக் கூடை தொங்கியது. அவர் கூடை அதுவரை அந்த அளவுக்கு விற்றதில்லை.

அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் ஆண்டுப் பார்வைக்கு வந்தார். தறிக்கூடத்தில் ஒயர்க் கட்டுகள் இருந்தன, ஆட்கள் இல்லை.

"வேலை நடக்கலையே?"

"நடக்குது சார். அவுகவுக வீட்டுல."

"கூடத்துல நடக்கணும்."

"வாங்க சார், பஸ் ஸ்டாண்டுல தொங்குது, காட்டுறேன். எல்லாம் இந்த ஒயருதான்."

"விக்கிறது எனக்கு முக்கியம் இல்லம்மா. இங்க உக்காந்து செய்யிறாங்களா, அதான் எனக்கு வேணும்."

உற்பத்தி நடைபெறவில்லை என்று எழுதினார். பதிவு ரத்தானது. ஒயர் நின்றது. இம்முறை மதினி தடுக்காததால் மேல்முறையீடு அனுப்பினேன். நான் எழுதியதிலேயே மிக நல்ல மனு அதுதான். தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று ஒரு பதில் வந்தது. இன்னமும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

இருப்பு ஒயர் தீர்ந்தபோது மதினி மறுபடி விளக்குத்தூணுக்குப் போனார். நானும் கூடப் போனேன். முதலாளி எழுந்து நாற்காலி போட்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேன் தங்கச்சி. பழையபடி ஒயர் தாரேன், கூடையாக் குடுத்துரு."

"கூடை தரமாட்டேன். காசுக்கு ஒயர் குடுங்க. பச்சை."

"காசுக்கா? கட்டுபடி ஆகாதே உனக்கு."

"அத நான் பாத்துக்கிறேன். எல்லாருக்கும் என்ன விலையோ அதே விலை சொல்லுங்க. அட்டை வேணாம்."

அவர் உள்ளே பார்த்துப் பச்சை எடுத்து வரச் சொன்னார். ஆலை விலையைவிட அது எவ்வளவோ கூடுதல். லாபத்தில் பாதி அங்கேயே போனது. மீதிப் பாதியில்தான் மதினி அதன்பின் பல வருஷம் தொழில் செய்தார். அண்ணனின் ஆலை திறந்து, மறுபடி மூடிய பிறகும் வீட்டில் உலை ஏறியது அந்த மீதிப் பாதியில்தான்.

எண்பதுகளின் நடுவில் அதே அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நலிந்த சிறுதொழில் கூடங்களுக்கு மறுவாழ்வு அளிப்பது குறித்துக் கூட்டமாம். கூடத்தில் உற்பத்தி இல்லாததால் மதினி அவர்கள் கணக்கில் நலிந்தவர். அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டினேன். கைப்பிடிக்காரியும் அங்கேதான் இருந்தாள். உட்கார இடம் இல்லாமல் சுவரோரம் கூடைகளை நகர்த்திவிட்டுத்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

"நலிஞ்சதுன்னா?" என்றாள் கைப்பிடிக்காரி.

"இழுத்துக்கிட்டுக் கெடக்குதுன்னு அர்த்தம்" என்றார் மதினி.

"யாரு?"

"நாமதான்."

அவள் சுற்றிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பல்லால் கடித்து இறுக்கிவிட்டு அடுத்த கூடையை இழுத்தாள். எப்போது கூட்டம் என்று மதினி என்னிடம் கேட்டார். புதன்கிழமை காலை என்றேன்.

"புதன்கிழமை முடியாதுத்தா. அடி வாங்க சமயநல்லூருக்குப் போகணும்."